பிரிக்காத சம்பளக் கவர்

மார்ச் 6

நிதி மந்திரி அவர்களுக்கு,

நேற்றுதான் போனில் பேசினோம். ஆனாலும் இதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. உன் பக்கத்தில் நம் வாலு வேறு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் எதிரில் மானம் போக வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஊரை விட்டு வந்து சேர்ந்த இந்த லிஃப்ட் கம்பெனியில் சம்பளத்தைக் கவரில் போட்டுத் தருவதில்லை. நேரே என் பேரில் வங்கியில் போட்டுவிடுகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து கவரைப் பிரிக்காமல் உன் கையில் கொடுத்தே பழகியவன் நான். ஏ.டி.எம். முன்னால் நின்று, எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் முழித்தேன். பின்னால் நின்றவர், "அண்ணே, எடுக்கறீங்களா, இல்ல கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். தள்ளிக்கொண்டேன்.

ஆகவே முழுச் சம்பளத்தையும் உனக்கே அனுப்பிவிட்டேன். என் கைச்செலவுக்கு நீயே பார்த்து அனுப்பு. வேலைக்குப் போடும் ஷூ அடியில் பிளந்துவிட்டது. புதிது வாங்கலாமா? உன் பதில் வரும்வரை ஒட்டிப் போட்டுக்கொள்கிறேன்.

உன் ஆள்

மார்ச் 15

என்னங்க,

ஷூ வாங்கலாமா என்று கடிதம் போட்டுக் கேட்கிற மனுஷரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. முதலில் வாங்குங்கள். லிஃப்ட் குழிக்குள் கிரீஸில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? கேட்டதற்கு மேலேயே அனுப்பியிருக்கிறேன். இஷ்டம்போலச் செலவு செய்யுங்கள், கணக்குச் சொல்ல வேண்டாம்.

வாலு புதிதாக ஒரு பிடிவாதம் பிடிக்கிறாள். விமானப் பணிப்பெண் பயிற்சியில் சேர வேண்டுமாம். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே புரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 2

நிதி மந்திரிக்கு,

ஷூ வாங்கியாயிற்று. மிச்சத்தை உனக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், வந்ததா?

இஷ்டம்போலச் செலவு செய் என்றாய். எனக்கு என்ன இஷ்டம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. கடைத்தெருவில் நடந்தேன். ஒரு சின்ன ரேடியோ பிடித்திருந்தது. கையில் எடுத்தேன். கடைக்காரர், "யாருக்கு சார்?" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. திருட வந்தவன் மாதிரி வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் அறையில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் சம்பளம் வந்த வாரமே கையை விரித்துவிடுகிறான், ஆனால் என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறான். யார் செய்வது சரி?

வாலு என்னிடமும் கேட்டாள். "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதாம்மா" என்றேன். நீ பார்த்துக்கொள்.

உன் ஆள்

ஏப்ரல் 11

என்னங்க,

மிச்சம் வந்தது. வயிற்றைக் கட்டித்தான் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள் என்று அழுகையே வந்துவிட்டது. உடனே அதைத் திருப்பி உங்களுக்கு அனுப்ப வங்கிக்குப் போனேன். அங்கிருக்கும் பெண், "மேடம், இது போன வாரம்தானே அங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அனுப்பாமலே திரும்பிவிட்டேன். சூடான பாத்திரத்தைக் கை மாற்றுவது போல நாம் இரண்டு பேரும் பணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கவரைப் பிரிக்காத புருஷன் என்று ஊரே உங்களைக் கொண்டாடுகிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் முடியாது என்று சொல்லும் வேலையையும் அந்தக் கவரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். சைக்கிள் கிடையாது என்று வாலுவிடம் சொன்னது நான். உங்கள் தங்கை கேட்டபோது இவ்வளவுதான் முடியும் என்று சொல்லிக் கெட்ட பேர் வாங்கியதும் நான். உங்களோடு வாலு மணிக்கணக்கில் பேசுகிறாள். என்னிடம் "சாப்பாடு ரெடியா?" என்பதோடு சரி. எனக்கு வலிக்கிறதுங்க.

எனக்காக ஒரு கைப்பை வாங்கினால்கூட அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறேன். அது யார் பணம், யாருக்குப் பயந்து ஒளிக்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை.

இனி வீட்டுச் செலவுக்கு மட்டும் அனுப்புங்கள். மீதி உங்களிடமே இருக்கட்டும். மாதக் கடைசிக்குள் பயிற்சியில் சேர வேண்டுமாம். சரியோ, வேண்டாமோ, வாலுவிடம் நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டு எழுதினால் பதில் போட மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 29

என் அன்புக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இங்கே எங்கள் மேஸ்திரியிடம் யோசனை கேட்டேன். "கடன வாங்கிப் போடுப்பா, பொண்ணு சம்பாதிச்சு அடைச்சிடும்" என்றார். எலெக்ட்ரீஷியனோ, "அங்க படிச்சவங்களுக்கு வேலை கிடைச்சிருக்கான்னு கேட்டீங்களாண்ணே?" என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை. பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டேன். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று நான் கேட்கக் கேட்க, தவணையில் எப்படிக் கட்டலாம் என்றே போனை எடுத்த பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். கடன் வாங்கினால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வங்கியில் விசாரித்தேன். கேட்டுவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சேர்த்துவிட்டால் கடன் கழுத்தை நெரிக்கும், சேர்க்காவிட்டால் பிள்ளை மனம் உடையும். மண்டை காய்ந்துவிட்டது.

நேற்று மாலை வாலுவைப் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் வேண்டாம்மா" என்றேன். "அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு என்னோடு சமாதானமாகியிருப்பாள். நானும், என்ன பண்றது, உங்க அம்மா அப்படி என்று சொல்லியிருப்பேன்.

"அம்மா ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் சொல்றேன்" என்றேன்.

"நீங்களாப்பா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். இன்று காலை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நான் சொன்னது சரியா என்று இன்னமும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் உனக்கு இப்படித்தான் இருந்ததா? ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையே.

அவள் சாப்பிடாமல் படுத்தால் பக்கத்தில் போய் உட்கார். எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே. கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருக்கட்டும். உன்னோடு பேசட்டும்.

உன் ஆள்