பாதி பதில்

பூந்தமல்லி, 1934

ருக்கையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த தெருவில் இருக்கும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் பேச்சு வராது.

முஸ்லிம் பெண்களுக்குத் துக்கத்தில் மார்க்கம் எவ்வளவு ஆறுதல் தருகிறது என்று, பட்டணத்துத் துரைசானி வீடு வீடாகக் கேட்டுவந்தாளே, அவள் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக வந்தது நீ. "மனசுல கீறத சொல்லுடி, யாருக்கும் தெரியாது" என்றாய். நீ கேட்டதால்தான் வாயைத் திறந்தேன். மகனை அடக்கிய பிறகு தொழுகைப் பாயில் நிற்க முடியவில்லை, வெள்ளிக்கிழமை நபிகள் புகழான மௌலூது ஓதும் பெண்கள் நடுவே உட்கார்ந்தால்தான் மூச்சே வருகிறது என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மௌலூது நடக்கும் வீட்டுக்காரி சுல்தான் பீ என்னை வாசலிலேயே மறித்தாள்.

"தொழுறதில்லன்னு வெள்ளக்காரிகிட்ட சொன்னியாமே? அல்லா மேல கோவமா கீறவளுக்கு இங்க இன்னா வேல?"

உள்ளே நீ மௌலூதுக் கிதாபை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தலை நிமிரவே இல்லை. என் பதிலில் பாதியை மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். மீதிப் பாதி அவர்களைப் பற்றியதுதானே, ருக்கையா?

என் மகனின் உயிர் போன உடலை, மையத்தைக் குளிப்பாட்டியபோது என்னைத் தாங்கிப் பிடித்தவள் நீ. வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இன்று விடியற்காலை சுபுஹு தொழுதேன், அவன் போனபின் முதல் தடவையாக. முடித்ததும் உன்னிடம் சொல்லத்தான் எழுந்து ஓடினேன். உன் தெருமுனைவரை வந்துவிட்டு, திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைக் கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தவள்