எல்லாருக்கும் பொதுவான மாடிப்படி

விருதுநகரில் பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியைத் தடுத்து எட்டு வீடாக விற்றபோது, மாடியில் ஒன்றைச் சங்கிலிமுத்து வாங்கினான். அவன் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்த காலையில், மனைவி வள்ளித்தாய் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"செல்வி அப்பாவுக்கு. சோறு உறியில இருக்கு. உங்க அய்யாவுக்குக் கஞ்சி எறங்கல. பொணம் பொதுப்படியில எறங்கக் கூடாதுன்னு மத்த ஏழு வீடும் வந்து நின்னப்ப நீங்க வாயத் தெறக்கல. அதான் உசுரு இருக்கையிலயே எறக்கி நம்ம ஊரு ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போறேன். சாவி எதிர்வீட்டுக் குருவம்மாகிட்ட. அவளும் வந்து நின்னவதான். வேற யாருகிட்டக் குடுக்க? சொந்த வீடுன்னீகளே."

தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்:

"கோயில் கொடைக்குப் போறோம்னு அய்யாகிட்டச் சொல்லியிருக்கேன். புதுவேட்டி கேக்காக. வரும்போது வாங்கிட்டு வாங்க. எப்படியும் வேணும்."