மாடிக்கு ஒரு திரை

3 ஜூலை 2009, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து ஷானவாஸும் அவர் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார். "நோம்புக்கு முன்னாடி நம்ம கடையிலயும் டிவி மாட்டிரணும் ரெஹானா. கம்பத்துல புதுசா தொறந்த ஜவுளிக்கடையில செவரெல்லாம் டிவிதானாம். எங்கன வைக்கிறது, என்னத்தை ஓட்டுறதுன்னு நீ பாத்துச் சொல்லு. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள."

சரி என்றேன். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வருகிறது. ரசம் ஊற்றட்டுமா என்றாலும் சரி. டிவிக்கும் சரி.

நான் வீட்டில் முடங்கிக் கிடக்கக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. அது எனக்குத் தெரியாதா?

7 ஜூலை

பகல் முழுக்கக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. வாசலில் யாரும் தலையை நிமிர்த்துவதே இல்லை. கழற்றிவிட்ட செருப்பு பத்திரமாக இருக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். அங்கே டிவி வைப்பது தண்டம்.

ஷானவாஸ் பில் போடும் இடத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் பார்த்ததும் கால்குலேட்டரைப் பார்த்தார். குழந்தை போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான்.

8 ஜூலை

'குழந்தை போனதிலிருந்து' — எழுதியே விட்டேன். முதல் தடவை.

ஏப்ரலில், எட்டாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டாள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் ஷானவாஸும் மாமாவும் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டார்கள். பெண் என்று நர்ஸ் சொன்னாள். முகத்தை நான் பார்க்கவில்லை. "அல்லா நாடுனா அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அடுத்தது! முதலாவதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. பிறக்கவே இல்லை என்பதுபோல எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். நானும்தான்.

அழுகை வரவில்லை. ஊசி போட்ட பல் மாதிரி மரத்துக் கிடக்கிறது.

15 ஜூலை

டிவி விற்கும் திலீபன் தேனியிலிருந்து வந்தான். மாதிரிக்கு ஒரு சிடி போட்டுக் காட்டினான். பெண்கள் பட்டுச்சேலையில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உருவமெல்லாம் வேணாம்ப்பா. நம்ம கடையில பொம்மைக்கே தலை கெடையாது."

"அப்ப துணிய யாரு சார் எடுத்துக் காட்டுறது?"

"கை காட்டட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் அதுவே முடிவாகிவிட்டது. கையும் துணியும் மட்டும். யார் கை? வேறு யார், என் கைதான்.

22 ஜூலை

கடையைப் படமாக வரைந்து திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாயில் உட்கார்ந்து சேலை பார்க்கிற இடத்தில் ஒன்று, உட்கார்ந்தவர்களின் கண் மட்டத்துக்கு. பில் போடும் இடத்துக்குப் பின்னால் ஒன்று. அங்கே காத்து நிற்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது, துண்டையும் உள்பாவாடையையும் காட்டினால் போகிற போக்கில் வாங்குவார்கள். காலை பஸ்ஸில் கோம்பை ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கு எடுக்க வருவார்கள், அதனால் காலையில் கல்யாணச் சேலை. சாயங்காலம் திராட்சைத் தோட்டத்து வேலை விட்டு வருகிறவர்களுக்கு நைட்டி, லுங்கி, விலையோடு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் படித்து முடிக்கும்வரை ஒரு படம் நிற்க வேண்டும். சத்தம் வேண்டாம். மதியம் கரண்ட் போகும் நேரத்துக்கு இன்வர்ட்டரும் வேண்டாம், அப்போது ஈ காக்கை வருவதில்லை.

"கச்சிதமா இருக்கு" என்றார் மாமா. ஷானவாஸ் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "மாடிக்கு..." என்று ஆரம்பித்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

24 ஜூலை

கரண்ட் இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

30 ஜூலை

என் கையைப் படம் எடுத்தார்கள். டிவியில் பார்த்தால் யாரோ ஒருத்தியின் கை. நன்றாகத்தான் சேலை விரிக்கிறாள்.

4 ஆகஸ்ட்

பவுனு சண்டைக்கு வந்தாள். போன மாதம்தான் மாடியில் வேலைக்குச் சேர்ந்தவள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கீழ உள்ளவுகளுக்கு மட்டும் டிவியாக்கா? பச்சப்புள்ளத் துணி விக்கிற எனக்கு ஒண்ணும் கெடையாதா? மாடியில ஆளு இருக்கதே யாருக்கும் தெரிய மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நான் வரைந்த கடையில் மாடியே இல்லை. படிக்கட்டைக்கூட வரையவில்லை. வேண்டுமென்றே விட்டேனா? சத்தியமாக இல்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே என் நினைவில் இல்லை.

ஷானவாஸ் அன்றைக்கே கவனித்திருக்கிறார். சொல்லவில்லை.

6 ஆகஸ்ட்

மாடிக்கும் ஒரு டிவி என்று திட்டத்தில் சேர்த்தாயிற்று. அதற்குப் படம் எடுக்க மாடி ஏறினேன். நாடா வைத்த சின்னச் சட்டைகள். தோள் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. "மெதுவா மடிங்க மேடம்" என்றான் திலீபன். மெதுவாகத்தான் மடித்தேன். கை நடுங்கவே இல்லை. ஏன் நடுங்கல? என்ன பொம்பள நான்?

21 ஆகஸ்ட்

மூன்று டிவியும் மாட்டியாயிற்று. பவுனுவுக்கு வாயெல்லாம் பல். நாளைக்கு நோன்பு.

13 செப்டம்பர், ஞாயிறு

பெருநாள் கூட்டம். ஆள் போதாமல் நானும் மாடியில் நின்றேன். அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு அம்மா, பேத்தி பிறந்து பதினைந்து நாளாம், டிவியைக் காட்டி, "அந்தக் கையில இருக்க சட்டையக் குடும்மா" என்றாள். எடுத்து மடித்தேன்.

"ஒனக்கு எத்தனை புள்ளைக?"

"ஒண்ணு" என்றேன். நானா சொன்னேன்? "பொம்பளப் புள்ள."

"பேரென்ன?"

என்ன சொல்வது? எனக்குத் தெரியாது.

"பேரு ஸாதியா."

திரும்பினேன். ஷானவாஸ் துணிக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றிருந்தார். "நல்லாருக்கட்டும், மகராசி" என்று அந்த அம்மா சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கட்டை இறக்கி வைத்தார். "பேரு வைக்காம அடக்கம் பண்ணக்கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாக. நான்தான் வச்சேன். ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு கூட்டத்திலும். கீழேயிருந்து மாமா பில் போட ஆள் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஷானவாஸ் போகவில்லை.