பிரேக்கில் குறை இல்லை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் நேராக வாசலுக்குப் போய், நம் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை மிதித்துப் பார்த்தேன். தெருமுனை வரை ஓட்டிப் போய் நிறுத்தினேன், திருப்பிக்கொண்டு வந்து மறுபடி நிறுத்தினேன். நினைத்த இடத்தில் நின்றது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று ஒரு வரி போட்டுவிடலாம், ஆனால் அது முக்கால்வாசிதான் உண்மையாக இருக்கும். மீதியைப் போனில் சொல்ல முடியவில்லை, நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார்.

போன வியாழக்கிழமை வண்டி லேசாக இடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, லேசாக இல்லை. நம் கண்ணாடிக் கடையிலிருந்து ஒன்பது பெரிய கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ரோட்டுச் சரிவில் இறங்கியபோது வண்டி சிக்னலில் நிற்கவில்லை. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் தள்ளி வந்த சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அப்பா வண்டியை ஒடித்து விளக்குக் கம்பத்தில் மோதி நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு நெற்றியில் வீக்கம் மட்டும்தான், கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான். எல்லோரும் நம்பினோம். நம் வீட்டு ஆண்கள்தான் உனக்குத் தெரியுமே, எது நடந்தாலும் குற்றம் வண்டி மேல்தான்.

அடுத்து எந்தப் புது வண்டி வாங்குவது என்று அன்றிலிருந்து நம் கூடம் கோர்ட் ஆகிவிட்டது. அப்பா வண்டிக்கு யானை என்றும் சித்தப்பா வண்டிக்குக் குதிரை என்றும் நீதான் பெயர் வைத்தாய், அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் இவர்கள் இருவரும் சம்பளம் வாங்காத வக்கீல்கள். பதினோரு வருஷத்தில் யானையின் இஞ்சினைப் பிரித்ததே இல்லை, பின்தட்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை, வில் பட்டையை ஒரே ஒரு தடவை மாற்றியதோடு சரி என்கிறார் அப்பா. கிளட்ச் போனபோது சாமான் வரப் பத்தொன்பது நாள் ஆனதையும், அந்த ஒரு பில்லில் என் வண்டியை ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன் என்பதையும் சித்தப்பா எடுத்து வைக்கிறார். அவருடைய குதிரைக்கு ஆறு வருஷத்தில் மூன்று கிளட்ச், சைலன்சர் நடுரோட்டில் கழன்று விழுந்தது, ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். ஆனால் காலையில் படுத்தால் சாயங்காலம் ரோட்டில் நிற்கும், சாமான் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று அப்பா மறுவிற்பனை விலையைச் சொன்னால், அந்தப் பொன் உனக்கு இல்லண்ணா, ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவனுக்கு என்கிறார் சித்தப்பா. மெக்கானிக்கைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, யானை மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் படுக்கும், படுத்தா வீட்டை விக்கணும், குதிரை மாசா மாசம் இருமும், ஆனா இருமல் மருந்து மலிவு என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நீ அனுப்பிய ஒப்பீட்டுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு நிறத்தில் கோடு போட்டு அதைப் படிக்கவே முடியாமல் ஆக்கிவிட்டார்கள்.

நானும் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை வண்டியை எடுத்து வரப் பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த வருஷத்தில் அப்பா பிரேக் மெத்தென்று இருக்கிறது என்று மூன்று தடவை வண்டியைக் கொண்டுபோயிருக்கிறார். முதலில் பிரேக் ஷூ மாற்றினார்கள், பிறகு பிரேக் சிலிண்டர் மாற்றினார்கள், விபத்துக்குப் பிறகு மொத்தமும் பிரித்தார்கள். "மொதல் தடவையே ஒண்ணும் இல்ல தங்கச்சி. அண்ணன் நம்பல, அதான் மாத்துனேன். பிரேக் மேல பழி போடாதீங்க" என்றார். எனக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அப்போது புரியவில்லை.

மறுநாள் புரிந்தது. அப்பா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் பட்டையைப் பற்றிப் போனில் வாதாடிக்கொண்டிருந்தார். வலது குதிகாலில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தால் அரை விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு, சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இடுக்கியை எடுத்து வந்து பிடுங்கினேன். அவர் பேச்சு நிற்கவில்லை, கால்கூட அசையவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்ததும் சில்லை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துப் பாத்துத்தான் மிதிக்கிறேன்" என்றார்.

ஒன்பது வருஷச் சர்க்கரை. வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம். அப்பா நம்மிடம் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். புது வண்டி என்றால் பிரேக் பட்டுப் போல இருக்கும், எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டியை விட்டால் வீட்டில் யார் என்று உட்காருவது என்று கேட்டார், தன் தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றார். எனக்கு வந்த கோபத்தை உனக்கு எழுத முடியாது. அந்தச் சைக்கிள்காரப் பெண் ஒரு எட்டுப் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் எனக்குள் ஒரு நப்பாசை, மெக்கானிக் தப்பாகச் சொல்லியிருக்கலாம், பிரேக்தான் கெட்டிருக்கும் என்று. அதற்குத்தான் இன்று காலை வாசலுக்குப் போனேன்.

இப்போதைக்குச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. இன்னும் ஒரு சாமான் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாதாம், வரப் பத்து நாள் ஆகுமாம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். யானைக்குச் சாமான் தாமதமாகும் என்பதை மட்டும் அவர் மறுபேச்சு இல்லாமல் நம்பினார். சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீ பதறி உடனே போன் செய்யாதே, செய்தாலும் அப்பாவின் கால் பேச்சை எடுக்காதே, அவராகச் சொல்லட்டும். உன் ரத்தத்தையும் ஒரு தடவை பரிசோதித்துப் பார், உனக்கு அவர் உடம்பு வாகு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. எங்கிருந்தாலும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இரு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

இன்னொன்று. புது வண்டிக்கான கடன் என் சம்பளத்தின் பேரில்தான், வருகிற சனிக்கிழமை நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று நூலக வேலைக்குப் போகும் முன் தனியாக இரண்டு ஷோரூமிலும் ஏறி இறங்கினேன். யானையின் கிளட்சை அழுத்த நான் சீட்டின் நுனிக்கு வர வேண்டியிருந்தது. குதிரையில் சீட்டை முன்னால் இழுத்தால் என் இரண்டு காலும் முழுதாக எட்டுகின்றன. விற்பனைக்காரப் பையன் சார் எங்கே என்று எனக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கடை லோடு எல்லாம் காலையில், எனக்கு வேலை மதியம் ஒரு மணிக்கு. என் லைசென்ஸ் இருபது வருஷமாகச் சும்மாதான் கிடக்கிறது, சரக்கு வண்டிக்கு அதில் என்ன சேர்க்க வேண்டும் என்றும் விசாரித்துவிட்டேன். கண்ணாடியை உடையாமல் கட்டிக் கொண்டுபோக உன் அப்பாவைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை, அவர் பக்கத்துச் சீட்டில் உட்காரட்டும். நான் குதிரைக்குத்தான் கையெழுத்துப் போடப் போகிறேன், ஓட்டப் போவதும் நான்தான். இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா