சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்

என் ஆசை முருகேசண்ணனுக்கு,

நீ பார்த்த புராஜெக்ட் மேனேஜர் வேலையை இப்போது என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் மில்லின் புது ஷெட்டுக்குள் பாதி மிஷின்கள் நிற்கின்றன, பாதி பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. நீ போனதிலிருந்து ஃபிட்டர் மேஸ்திரி மாரியப்பண்ணன் வேலைக்கு வரவில்லை. அவர் வராததால் அவருடைய ஆட்களும் வரவில்லை.

ஆட்களை எப்படி நடத்துவது என்று எனக்கு வகுப்பு எடுத்தார்கள். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று பெயர். எதிரில் இருப்பவர் சொன்னதை நாமும் ஒருமுறை திருப்பிச் சொன்னால் அவர் மனசு இளகுமாம். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று ஸ்பானரைப் பிடிக்கிற பிடியிலேயே கண்டுபிடிப்பாயே, அதை எந்த வகுப்பில் படித்தாய்?

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரியப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமைக்குள் அவர் வராவிட்டால் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார்கள். அதைச் சொல்லத்தான் போனேன்.

“ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா அவிய சத்தம் கேக்குது தங்கச்சி. நான் என்ன செய்ய?” என்றார். உன் சத்தத்தைத்தான் சொன்னார். சைட்டில் என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர்.

“சத்தம் கேக்குதாண்ணே” என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே திருப்பிச் சொன்னேன். சொன்னதுமே அழுதுவிட்டேன். அவரும் அழுதார்.

நீ கண்ணை மூடியபோது எல்லோரும் நம் வீட்டுக்குத்தான் துட்டி கேட்க வந்தார்கள். அவரிடம் யாருமே துக்கம் விசாரிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ வாய் வரைக்கும் வந்தது. துட்டி வீட்டில் அதைச் சொல்லக் கூடாதல்லவா? பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்குமா? சொல்லப் போனதையும் சொல்லாமல் வந்தேனே, நான் என்ன மேனேஜர்?

கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி முதலாளியிடம் இன்று கெஞ்சிப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை அண்ணே.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போவேன். அவர் பிழைப்பு போகிற செய்தியை வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்க விடமாட்டேன். இது சத்தியம்.

கடிதத்தை முடித்து, உன்னிடமும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்துகொள்கிறேன்.

நீ ‘ஏட்டி’ என்று கூப்பிடாத வீட்டில் இருக்கும்
உன் தங்கை
செல்வி