கிளாம்புக்குக் கீழே ஒரு மாதம்

இன்று காலை எங்கள் அடுக்ககத்தில் மழைநீர்க் குழாய் ஒட்டினார்கள். அந்தப் பசையின் வாசனை, நீ 'சொல்யூஷன்' என்பாயே, அது படியேறி மூன்றாம் மாடிவரை வந்தது. சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதியில் இறங்கிப் போனேன். கீழே குந்தியிருந்தவர் நீ இல்லை. தெரியும். இருந்தாலும் போனேன்.

அந்த வருடம் பிளம்பரான உனக்கு ஓயாத வேலை. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று உத்தரவு வந்திருந்தது. இரண்டு வருடமாகச் சரியான மழை இல்லை. உத்திரமேரூர் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நம் தெருக்கோடிக் கிணற்றில் வாளி தரையில் இடிக்கும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். குழாயில் வருவது குடிக்க மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான்.

நான் சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் உன் வண்டியின் பின்னால் குழாய்களைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். பூமி சூடாவது, பருவங்கள் இடம் மாறுவது, ஊர்கள் இனி எப்படி வாழப் பழக வேண்டும் என்பது. படித்ததையெல்லாம் உன் முதுகிடம் சொல்லிக்கொண்டே வருவேன். ஒருமுறை வண்டியை நிறுத்தித் திரும்பினாய்.

"அல்லாம் சரிடா. நம்ம தெருவுல மொத வூட்டுக் கதவத் தட்டி இன்னா சொல்லுவ? அத்தச் சொல்லு."

குழாய்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்; நீ வண்டியைக் கிளப்பினாய்.

கூரையிலிருந்து இறங்கும் குழாய். அதன் அடியில் ஒரு குழி. உள்ளே உடைத்த செங்கல், ஜல்லி, மேலே மணல். அவ்வளவுதான் வேலை. குழாய்க்கு எல்லோரும் சரி என்றார்கள். குழிக்கு ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்; பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் மண்ணை வெட்டக் கூடாது. எதிர்வீட்டில் சாவு விழுந்து வருடம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் தங்கைக்குக் கார்த்திகையில் கல்யாணம். கல்யாண வாசலில் குழியா என்றார் அப்பா. கல்யாணம் முடிந்தால் மார்கழி, எதையும் தொடங்க முடியாது. உன் வீட்டிலேயே உன் மனைவிக்கு மூன்றாம் மாதம்.

நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். குழாயை மட்டும் பொருத்தி, நுனியை மண்ணில் செருகிவிட்டு வந்தாய். பேரூராட்சியிலிருந்து பார்க்க வந்த ஆள் குழாயைப் பார்த்தார், நோட்டில் குறித்தார், போனார்.

ஐப்பசியில் மழை வந்தது. நல்ல மழை. எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். குழாயில் இறங்கிய தண்ணீர் மண்ணில் முட்டி, கொப்பளித்து, தெருவுக்கு ஓடியது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. எல்லாம் சேர்ந்து கிணற்றைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. அன்று டீக்கடையில் நாலு பேர் எதிரில் சொன்னேன், நீ செய்திருப்பது ஏமாற்று வேலை என்று.

நீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாய்.

"இன்னா படிச்சவரே, புள்ளத்தாச்சி எதுர்ல கடப்பாரைய எறக்கச் சொல்றியா? அவளுக்குத் தூக்கம் வருமா அப்பறம்?"

மழை இவர்களுடைய நாளுக்குக் காத்திருக்குமா என்று கேட்டேன்.

"காத்திருக்காது. ஜனமும் மழ மாதிரித்தான், அதோட நாளுலதான் வரும். மெரட்டுனா பைப்பு வெக்கும். குழி வெட்டாது."

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். தங்கை கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். என் இலைக்கு வந்தபோது டம்ளரை வழிய வழிய நிரப்பிவிட்டு நகர்ந்தாய்.

மார்கழிப் பனி. காஞ்சிபுரம் சாலை. லாரி. இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

உன் காரியம் முடிந்த அன்று எங்கள் வாசலில் குந்தி, நீ வைத்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்புக்குக் கீழே, குழாய் அறுக்கும் ஆக்சா பிளேடு நுனியால் கீறிய எழுத்து. 'தை'. உன் கோணல் கையெழுத்து. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். 'மாசி'. எதிர்வீட்டில் 'ஆனி', வருடம் திரும்பும் மாதம். ஒவ்வொரு குழாயாகத் தெருவில் நடந்து உன் வீட்டில் வந்து நின்றேன். 'சித்திரை'.

உன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்த வூட்ல எப்ப வெட்லாம்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கினு வந்தாரு. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த மறுநாள், யாரும் சொல்லாமல், அப்பா கடப்பாரையோடு வாசலுக்கு வந்தார்.

"எழுதி வெச்சிட்டுப் பூட்டான். வெட்டாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

மாசியில் பக்கத்து வீடு. சித்திரையில், சாவு விழுந்த வீடு என்று பார்க்காமல், நீ எழுதியபடியே உன் வீட்டுக் குழியைத் தெருவே சேர்ந்து வெட்டியது. உன் மகள் உள்ளே தூளியில் தூங்கினாள். ஆனியில் எதிர்வீடு. அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் குழாயில் இறங்கியது, திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த கோடையில் கிணற்றில் வாளி இடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஒரு வருட மழை வீணாய்ப் போனது. அதில் நான் சொன்னது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் ஒரு குழிகூட வெட்டவைக்கவில்லை.

இன்று கீழே ஒரு வாளித் தண்ணீரை, இன்னும் மேலே இணைக்காத குழாயின் வாயில் ஊற்றிப் பார்த்தேன். அப்படியே திரும்பி வந்து என் காலை நனைத்தது. "ஃபார்மாலிட்டிக்குத்தான் சார்," என்றார் அடுக்ககச் செயலாளர். 'ஏமாற்று வேலை' என்ற பழைய வார்த்தை நாக்குவரை வந்தது. விழுங்கினேன். குழி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, கீழ்வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம், அவள் மாமியார் விடமாட்டேன் என்கிறார் என்றார்.

அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். எப்போது வெட்டலாம் என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா விரல்விட்டு எண்ணினார். என் முகத்தில் பாதி சோப்பு காய்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

குழாயருகே குந்தி, கிளாம்புக்குக் கீழே சாவி நுனியால் கீறினேன். பிளாஸ்டிக் வழுக்கியது. இரண்டு முறை அழுத்திக் கீற வேண்டியிருந்தது.

ஆவணி. மழைக்கு முன்னால்தான்.