மாலை போடாத படம்

அக்கா,

இன்று காலை தேக்கா சந்தையில் என் பூக்கடையில் மல்லிகைப் பெட்டியைத் திறந்தேன். வாசத்தோடு கன்னமும் எரிந்தது. நீங்கள் அறைந்து வருஷக்கணக்காகிறது. என் கன்னத்துக்கு இன்னும் அது தெரியாது போல.

பிடோக்கில் உங்கள் மகள் வீட்டில், ஊர்ப் போரில் பிள்ளைகளைத் தொலைத்த நாலு குடும்பம் படங்களோடு கூடும். ஊரில் நீதி கேட்டுத் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரோடு போனில் பேசும். மகள் என் வாடிக்கையாச்சே என்று, யாரும் கேட்காமலே மாலைகளோடு வந்து நின்றேன். ஓ லெவல் தேர்வில் இரண்டு தடவை தோற்றவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை மாலைதான். உங்கள் மகன் படத்துக்குப் போட்டும் விட்டேன்.

அறை விழுந்தது. மாலையைப் பிய்த்துக் காலால் மிதித்தீர்கள்.

"என்ர பிள்ளை செத்தவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

அப்புறம் நீங்களே தேத்தண்ணி கொடுத்துச் சொன்னீர்கள். சண்டை முடிந்த அன்று, ஷெல்லில் சிதறிய உடல்களை மிதித்துக்கொண்டு வந்தீர்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்ற ராணுவத்திடம் பத்தொன்பது வயதுப் பையனை உங்கள் கையாலேயே ஒப்படைத்தீர்கள். அவனை ஏற்றிய பஸ் கிளம்பியதும் பின்னால் ஓடினீர்கள். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள்.

"பல்லைத் துப்பிப்போட்டு நிமிர்ந்து பாக்கிறன், பஸ்ஸைக் காணேல்லை."

எனக்கும் இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. மாலை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து வாசலிலேயே கேட்பீர்கள்: "பூக்காரத் தம்பி, கை சுத்தமோ?"

போன மாதம் உங்கள் படத்துக்கு நான்தான் மாலை போட்டேன். பக்கத்தில் அவன் படம். உங்கள் தம்பி, அவனுக்கும் ஒன்றைப் போட்டு அக்காவோடு எல்லாவற்றையும் முடித்துவிடுவோம் என்றார். பாவம், அவரும் களைத்துப்போனவர்தான். "அவன் இன்னும் வரல அண்ணே," என்றேன். என் கையில் மிச்சமிருந்த மாலையைப் பிடுங்கினார். சண்டை என்றால் கடையைச் சாத்தும் நான், அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். நார் அறுந்து பூவெல்லாம் உங்கள் படத்தடியில் கொட்டியது. உங்கள் மகள் அவன் படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் அதை என்னிடம் தந்தாள். போன் திரையில் பந்தலிலிருந்து ஒரு தாய், நீர் அவனுக்கு ஆர் என்று கேட்டார்.

"அவங்க அம்மாகிட்ட அறை வாங்கினவன்மா."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப படத்தை நல்லா உயத்திப் பிடியும்."

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. கை சுத்தம்.